ஏழாவது வார்டில் இரண்டு முத்துப்பேச்சி

டிசம்பர் 16, திங்கள்

மனு பரிசீலனை முடிந்தது. என் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். மேலச்செங்குளம் பேரூராட்சி ஏழாவது வார்டு, பெண்களுக்கு ஒதுக்கியது. அதில் இனிமேல் இரண்டு முத்துப்பேச்சி. ஒருத்தி நான், ஓய்வுபெற்ற ஸ்பெஷல் எஸ்.ஐ. இன்னொருத்தி என் சம்பந்தகாரி, என் மகள் செல்வரதியின் மாமியார்.

இந்த ஊரில் பேச்சியம்மன் பெயர் வைக்காத வீடு கிடையாது. ரதியைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே சிரித்தார்கள், "ரெண்டு முத்துப்பேச்சியும் ஒரே பந்தியில உக்காந்தா எந்த இலைக்கு எவளக் கூப்பிட" என்று. நானும் சிரித்தேன். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது அல்லவா, அதனால் பெற்ற தாய் பெயரையும் சொல்ல முடியாமல் போயிற்று அவளுக்கு. மருந்துக்கடையில் கேட்டால்கூட "போலீஸம்மா" என்றுதான் எழுதச் சொல்வாள்.

இந்த யோசனை என் மகன் பரமகுருவுடையது. அவன் கட்சியின் வட்டச் செயலாளர் மனைவி நிற்கிறாள். சம்பந்தகாரி சுயேச்சை. ஆனால் வார்டில் பாதி வீடு அவளுக்குச் சொந்தபந்தம். ஜெயித்தால் அவள்தான் என்று டீக்கடை பெஞ்சு வரைக்கும் தெரியும். அதே பெயரில் இன்னொருத்தி இருந்தால் கண் தெரியாத கிழடுகள் மாற்றி அமுக்கிவிடும்.

"எம்மா, நீ ஓட்டே கேக்காண்டாம். மெஷின்ல பேரு மட்டும் இருந்தாப் போதும்" என்றான்.

நான் கையெழுத்துப் போட்டது அவன் கட்சிக்காக இல்லை. போன மாதம் ஒரு பால்காய்ச்சு வீட்டில், பந்தியில், அத்தனை பேர் முன்னால் அவள் சொன்னாள். "போலீஸ்காரி வயித்துல பொறந்ததுக்கு அடக்கம் எங்கேருந்து வரும்? மூணு வருசமாச்சு, பிள்ளை உண்டாகக் காணோம். வாய் மட்டும் உண்டாயிருக்கு." இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன். அவள் கன்னத்தில் என் கை இறங்காமல் இருந்ததே பெரிய விஷயம். அந்த ஆத்திரத்தில்தான் கையெழுத்து.

சாயங்காலம் மீன்களுக்குத் தண்ணீர் மாற்றினேன். சண்டை மீன். ஆண் இரண்டை ஒன்றாக விட்டால் ஒன்று செத்துத்தான் ஓயும். அதனால் ஆளுக்கொரு கண்ணாடிப் பாட்டில், இடையில் ஒன்றையொன்று பார்க்காமல் இருக்க அட்டை. பக்கத்து வீட்டு எஸ்தர் எட்டிப் பார்த்து, "ரிட்டயர் ஆயும் ஒங்களுக்கு லாக்கப்ல ஆளு இருந்தாத்தான் தூக்கம் வரும், என்னக்கா?" என்றாள். "போடி, சிரிப்பாணிக்காரி" என்றேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. உள்ளே கம்பிச் சுருள் கருகிய நாற்றம் வீடு முழுக்க. எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டால் இதோ வாரேன் அதோ வாரேன் என்கிறான். எஸ்தர் வீட்டிலிருந்து குடத்தில் சுமந்து இடுப்பு விட்டுப்போயிற்று.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது ஜன்னல் வழியாகக் கல் வந்து விழுந்தது. அடுத்த கல் நேராக மீன் அலமாரியில். பாட்டில்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நொறுங்கி, மீன்கள் கண்ணாடிச் சில்லில் கிடந்து துள்ளுகின்றன. சோற்றுக் கையோடு லத்தியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பைக்கில் இரண்டு தடியன்கள். ஓட்டுகிறவன் பதறி வண்டியை எஸ்தர் வீட்டுப் படியில் ஏற்றினான். பின்னால் இருந்தவன் சட்டை காலர் என் கையில் அகப்பட்டது.

அடித்தேன். முட்டிக்குக் கீழே, எலும்புக்குச் சேதமில்லாமல் வலி மட்டும் உச்சந்தலைக்கு ஏறுகிற இடத்தில். கீழே விழுந்தான். விழுந்தவனையும் அடித்தேன். "யாருலே அனுப்புனது? சொல்லு மூதி!"

"அடிக்காதீங்கம்மா! மாசானமுத்து அண்ணன்தான், அண்ணன்தான்!"

மாசானமுத்து என் மருமகன். ரதியைக் கட்டினவன். அந்தப் பெயரைக் கேட்ட பிறகும் இன்னும் ஓர் அடி போட்டுத்தான் விட்டேன். பொய் சொல்வானேன், மனசுக்கு இதமாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ரதி போன் செய்தாள். "யம்மா, கல்லு ஒம்மேல படலியே?" குரல் வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. என்னட்டி என்றேன். பல்லு வலி என்றாள். வைத்துவிட்டாள்.

பல்லு வலி.

டிசம்பர் 18, புதன்

மீன்களில் இரண்டுதான் பிழைத்திருக்கின்றன. எஸ்தர் வந்து சில்லு பொறுக்கித் தந்தாள். மோட்டார் இன்னும் ஆகவில்லை.

ரதி வீட்டுக்குப் போனேன். மருமகன் வெளியே போயிருந்தான். சம்பந்தகாரி வாசலுக்கே வந்து, "வாங்க மைனி, வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். வாய் நிறையச் சிரிப்பு. இவள் நடிப்புக்குத் தனியாக விருது கொடுக்க வேண்டும்.

காபி கொண்டுவந்தாள் ரதி. கீழுதடு இடப்பக்கம் கிழிந்து காய்ந்திருந்தது. முந்தானையைக் கழுத்தோடு சுற்றியிருந்தாள். டம்ளரை வைக்கக் குனிந்தபோது சேலை விலகியது. விரல் தடம். மாடிப்படியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். நேற்று பல்லு வலி, இன்றைக்கு மாடிப்படி. படியில் விழுந்தால் கழுத்தில் விரல் பதியாது என்று எனக்குத் தெரியாதா? மகளிர் காவல் நிலையத்தில் குப்பை கொட்டியவள் நான்.

"மைனி, மனுவ வாபஸ் வாங்கிருங்க" என்றாள் சம்பந்தகாரி. "நாளைக்கு மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கு. எம்மவன் கோவக்காரன். நானும் எத்தன தடவதான் குறுக்க விழுந்து தடுப்பேன்?"

காபியை அப்படியே தரையில் கொட்டினேன். "எம்மவ மேல கைய வச்சா கைய முறிச்சு அடுப்புல போட்டுருவேன்னு ஒம்மவன்கிட்டச் சொல்லு!" என்று கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. அவள் அசரவில்லை. துணி எடுத்து வந்து என் காலடியிலேயே துடைத்தாள், சிரித்துக்கொண்டே.

அடுப்படியில் ரதி என் கையைப் பிடித்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

"யம்மா, என்னய இப்பவே கூட்டிட்டுப் போயிரு."

"ஏட்டி, இப்ப வந்தா ஓட்டுக்காக நாடகம் ஆடுதோம்னு பேசுவாங்க. வோட்டு முடியட்டும். அதுவரைக்கும் பொறுத்துக்கோ."

தலையை ஆட்டினாள். புத்திசாலிப் பிள்ளை, சொன்னால் புரிந்துகொள்வாள்.

வரும் வழியில் தேங்காய் இரண்டு வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு கூடை கிடக்கிறது. எதற்கு வாங்கினேனோ.

டிசம்பர் 19, வியாழன்

வாபஸ் வாங்கிவிடுவது என்று காலையில் எழுந்ததுமே முடிவு செய்தேன். பயந்து இல்லை. அந்தக் கழுத்தை நினைத்துத்தான்.

பரமகுருவிடம் சொன்னேன். வாசலை அடைத்து நின்றான். "எம்மா, கட்சியில என்னய நம்பிச் சொல்லியிருக்காங்க. இப்பப் போயி வாபஸ் வாங்குனா நான் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?"

"ஒந்தங்கச்சி கழுத்தப் பாத்தியாலே நீ?"

"புருசன் பொண்டாட்டின்னா நாலு இருக்கத்தான் செய்யும். நீ ஸ்டேசன்ல எத்தன பேருக்கு இதே பஞ்சாயத்துப் பண்ணியிருக்க?"

அறைந்தேன். கன்னம் வீங்குகிற அளவுக்கு. அவன் பதிலுக்கு என்னைத் தள்ளினான். பெற்ற தாயை, இரண்டு கையாலும். கதவு நிலையில் வலது தோள் மோதி விழுந்தேன். அவனே பயந்துபோனான், தூக்க வந்தான். உதறிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

பேரூராட்சி அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் அவன் ஆட்களுக்குப் போன் பறந்துவிட்டது. கேட்டில் ஒரு கூட்டம். அடிக்கவில்லை, திட்டவில்லை. "முத்துப்பேச்சி அம்மா வாழ்க!" என்று கோஷம் போட்டார்கள். வாபஸ் வாங்க வந்தவளுக்கு மாலை போட்டார்கள்! சால்வை, பட்டாசு, செல்பி. சுற்றிச் சுற்றி நிற்கிறார்கள், ஓர் அடி நகர விடவில்லை. வழி விடுங்கலே என்று கத்துகிறேன், கொட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கிறது? ஒருத்தன் கையைக் கடித்தேன். இன்னொருத்தன் மூக்கில் முழங்கையால் இடித்தேன், ரத்தம் கொட்டியது, அப்போதும் சிரித்துக்கொண்டே "அம்மா வாழ்க" என்றான். உள்ளே மணி அடித்தது. மூன்று. கேட்டைச் சாத்திவிட்டார்கள்.

கூட்டம் விலகியபோதுதான் பார்த்தேன். எதிர்த்த டீக்கடையில் மாசானமுத்து நின்றுகொண்டிருந்தான். என் கழுத்தில் மாலை. அவன் கண்ணுக்குத் தெரிந்தது அது மட்டும்தான். மாலையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, "மாப்ள, நில்லுங்க, நான் வாபஸ் வாங்கத்தான்" என்று ரோட்டைக் கடப்பதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

போன் போட்டுப் பார்த்தேன். அவனும் எடுக்கவில்லை, ரதியும் எடுக்கவில்லை. நேரில் போகலாம் என்றால், போனால் இன்னும் கூடுதலாக அடிப்பானோ என்று ஒரு யோசனை. போகவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

சின்னம் ஒதுக்கினார்கள். எனக்குச் சீப்பு. அவளுக்குப் பல் துலக்குகிற பிரஷ். சின்னதாக அச்சடித்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று பரமகுரு வெளியே யாரிடமோ சொல்லிக் குதிக்கிறான். அவனுக்குச் சோறு போடவில்லை.

தோள் வீங்கிவிட்டது. ரதி போன் அணைத்து வைத்திருக்கிறது. எலெக்ட்ரீஷியன் ஒருவழியாக வந்து மோட்டாரைச் சரிபண்ணிவிட்டுப் போனான்.

டிசம்பர் 21, சனி

எழுத முடியவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

காலையில் இட்லி மாவைக் கலக்கிக்கொண்டிருந்தேன். ரதி போன். "யம்மா, வா" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை.

ஆட்டோ அவர்கள் தெருவில் திரும்பும்போதே சம்பந்தகாரியின் பிரச்சார ஜீப் வாசலில் நிற்பது தெரிந்தது. மைக் கட்டி, பாட்டுப் போட்டு. உள்ளே ஓடினேன். அடுப்படியில் மாசானமுத்து குப்புறக் கிடந்தான். பின்மண்டை பிளந்து, ரத்தம் காஸ் சிலிண்டர் வரைக்கும் ஓடியிருந்தது. ரதி சுவரோடு நின்றாள். வலது கையில் இஞ்சி இடிக்கிற சின்ன இரும்பு உலக்கை. இடது கையை விரித்து வைத்திருந்தாள். உள்ளங்கைத் தோல் வெந்து உரிந்து தொங்கியது.

சம்பந்தகாரி தலையில் அடித்துக்கொண்டு, "கொன்னுட்டாளே, எம்பிள்ளையக் கொன்னுட்டாளே பாவி!" என்று ஓலமிட்டாள். நான் நாடி பிடித்துப் பார்த்தேன். ஓடியது. துண்டை வைத்துக் காயத்தை இறுக்கிக் கட்டினேன். ஜீப் டிரைவரை 108க்குப் போன் போடச் சொன்னேன்.

"என்னட்டி நடந்தது?"

ரதி சொன்னாள். வியாழக்கிழமை மாலையோடு என்னைப் பார்த்துவிட்டு வந்தவன் அன்றைக்கும் அடித்திருக்கிறான், வெள்ளிக்கிழமையும் அடித்திருக்கிறான். சனிக்கிழமை அடி வேண்டாம், வேறு வேலை இருக்கிறது என்றானாம். ஜீப்பில் ஏறி மைக்கில் பேச வேண்டும். 'போலீஸ்காரி முத்துப்பேச்சி போலி. எங்க அத்தை முத்துப்பேச்சிதான் நிஜம்.' இவ்வளவுதான் பேச வேண்டியது.

"மாட்டேன்னு அவன்கிட்டச் சொன்னேன். கல்யாணமான புதுசுல பாங்க்ல அம்மா பேரு கேட்டாங்க, சொன்னேன். அத்தை பேரச் சொல்லிட்டியேன்னு வீட்டுக்கு வந்ததும் வாயில அடிச்சீங்க. இப்ப ஊரு பூராக் கேக்க மைக்ல சொல்லணுமோன்னு கேட்டேன். அதுக்குத்தான் கையப் பிடிச்சு தோசக்கல்லுல வச்சான். அத்தை கதவச் சாத்துனாங்க, ஜீப்ல இருக்கவங்களுக்குச் சத்தம் கேக்காம. கைய எடுத்துட்டு, காஸ் வீணாப் போகுதுன்னு அடுப்ப அணைக்கத் திரும்புனான். அப்பத்தான்."

வாயில் அடித்த கதை எனக்குத் தெரியாது. மூன்று வருசமாகத் தெரியாது.

உலக்கையை அவள் கையிலிருந்து வாங்கினேன். பிடியை என் முந்தானையால் துடைத்து, நானே பிடித்துக்கொண்டேன். மற்றவர்கள் இப்படித் துடைத்ததையெல்லாம் கண்டுபிடித்தவள் நான். எப்படித் துடைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"நான் வந்து அடிச்சேன். நீ தடுத்த. வேற ஒண்ணும் பேசாத" என்றேன்.

சம்பந்தகாரியின் அழுகை சட்டென்று நின்றது. என்னைப் பார்த்தாள், ரதியைப் பார்த்தாள். அந்த நிமிசத்திலும் அவள் மண்டைக்குள் ஓட்டுக் கணக்கு ஓடியதைப் பார்த்தேன். மருமகள் அடித்தாள் என்றால் வீட்டு மானம் போகும். எதிர்த்து நிற்கிற போலீஸ்காரி வீடு புகுந்து அடித்தாள் என்றால் வார்டே அவள் பக்கம் சாயும்.

"ஆமா மைனி" என்றாள் மெதுவாக. "நீங்கதான் அடிச்சீங்க. நான் கண்ணால பாத்தேன்." பிறகு மறுபடியும் ஓலத்தை ஆரம்பித்தாள், இந்த முறை என் பெயரைச் சொல்லி.

அவனை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பிழைத்துக்கொள்வான், தையல் போட்டிருக்கிறது. எங்கள் மூன்று பேரையும் ஸ்டேசனுக்குக் கொண்டுபோனார்கள். இன்ஸ்பெக்டர் ஜெபராணி. கான்ஸ்டபிளாக என்னிடம் வேலை பழகின பிள்ளை. எழுந்து நின்று நாற்காலி போட்டாள். ரதி கையைப் பார்த்ததும் முதலுதவிப் பெட்டியை எடுத்துவரச் சொல்லி அவளே களிம்பு போட்டாள்.

"எழுதிக்கோ ஜெபராணி. நான்தான் அடிச்சேன்" என்றேன். "ஆமா, இவதான்" என்றாள் சம்பந்தகாரி. ஜென்மத்தில் முதல் தடவையாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே பேச்சு.

ரதி களிம்புக் கையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மேடம், ரெண்டு பேரும் பொய் சொல்லுதாங்க. நான்தான் அடிச்சேன். ஏன் அடிச்சேன்னும் சொல்லுதேன், அதையும் எழுதுங்க."

"ரதி, வாய மூடு" என்றேன்.

"மூட மாட்டேன்."

ஜெபராணி என்னைக் கையமர்த்திவிட்டுப் பேப்பரை எடுத்தாள். "ஒன் பேரு? வீட்டுக்காரர் பேரு?" சொன்னாள். "மாமியார் பேரு?"

ரதி மாமியாரை நேராகப் பார்த்துச் சொன்னாள். "முத்துப்பேச்சி."

சம்பந்தகாரி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "யாரு பேரச் சொல்லுதட்டி!"

"முத்துப்பேச்சி" என்றாள் மறுபடியும், இன்னும் சத்தமாக.

"அம்மா பேரு?"

"முத்துப்பேச்சி."

எழுதிக்கொண்டிருந்த ஜெபராணி தலையைத் தூக்கினாள். "ரெண்டும் ஒண்ணா?"

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம். அவன் என் கையச் சுடும்போது ஒரு முத்துப்பேச்சி கதவச் சாத்துனா. என்னயக் கூட்டிட்டுப் போயிருன்னு கெஞ்சும்போது இன்னொரு முத்துப்பேச்சி, வோட்டு முடியட்டும் பொறுத்துக்கோன்னா."

எனக்கு வந்ததே கோபம். உனக்காக ஜெயிலுக்குப் போகிறேன் என்று நிற்கிறேன், என்னையும் அவளையும் ஒரே தட்டில் வைக்கிறாயா என்று கை எழும்பிவிட்டது. தோள் வீங்கிப்போன வலது கைதான், வலியே தெரியவில்லை. எல்லாரும் பார்த்தார்கள். ரதியும் பார்த்தாள். அவள் ஒதுங்கவில்லை, கையைத் தூக்கித் தடுக்கவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.

பழக்கமான மாதிரி மூடிக்கொண்டாள்.

கையைக் கீழே இறக்கினேன். அதற்குப் பிறகு ஜெபராணி கேட்டதற்கெல்லாம் நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. புதன்கிழமை கழுத்தில் பார்த்ததைச் சொன்னேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. ரதி புகாரும் எழுதினார்கள், ரதி மேல் கேசும் எழுதினார்கள். கைக்கு வைத்தியம் பார்க்கக் காவலோடு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

இன்று காலை இட்லி ஊற்றி, அவளுக்குப் பிடிக்கும் என்று எள்ளுப்பொடி இடித்து எடுத்துக்கொண்டு போனேன். பரமகுரு நானும் வாரேன் என்றான். வராதே என்றேன். பெண்கள் வார்டு வாசலில் ஒரு புதுக் கான்ஸ்டபிள் பெண் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தது. என்னை அதற்கு அடையாளம் தெரியவில்லை.

"யாரப் பாக்கணும்?"

"செல்வரதி. கை வெந்த பிள்ளை."

"ஒங்க பேரு?"

"முத்துப்பேச்சி."

அது கதவுக்குக் குறுக்கே காலை நீட்டிக்கொண்டது. "அந்தப் பேருல யாரு வந்தாலும் உள்ள விட வேண்டாம்னு அந்தக்கா சொல்லியிருக்காங்க."

"நான் அவளப் பெத்தவ தாயி. அவ சொன்னது மாமியாள."

"இல்லம்மா. 'பெத்தவன்னு சொல்லிட்டு வருவா, அவளையும் விடாதீங்க'ன்னு சொன்னாங்க."

திறந்திருந்த கதவு வழியாகக் கட்டில் தெரிந்தது. கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நாங்கள் பேசியது அவள் காதில் விழுந்திருக்கும். திரும்பவில்லை.

சத்தம் போடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. போடவில்லை. தூக்குச்சட்டியை அந்தப் பெண்ணிடம் கொடுத்து, யார் தந்தது என்று சொல்லாமல் கொடு தாயி என்றேன். வாங்கிக்கொண்டது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சாயங்காலம் வரை இங்கேதான் இருப்பேன்.